ஐகன் கோப்புக்குள் நான்கு படங்கள்: ஒரு சனசமூக நிலையத்தின் இலச்சினை மீண்ட விதம்

பின்னணி

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலையம் பவள விழாவுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. காலையில் ஓய்வுபெற்றவர்கள் பத்திரிகை வாசிக்க வருவார்கள். பின்னேரம் கரம் போர்டைச் சுற்றி இளையவர்கள் நிற்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஊர்ப் பிள்ளைகளுக்குப் பரிசளிப்பு நடக்கும். நான் கணினி திருத்தும் வேலை செய்பவன். அந்த நிலையத்தில் உறுப்பினன். விழாவுக்காக மூன்று அச்சு வேலைகள் இருந்தன: வாசலில் கட்டப் பத்தடிக்கு நாலடியில் ஒரு பதாகை, 60 சான்றிதழ்கள், ஒரு விழா மலர். மூன்றிலும் நிலையத்தின் இலச்சினை வர வேண்டும்.

இலச்சினை இப்படி இருக்கும்: நடுவில் திறந்த புத்தகம், அதன் வலப்பக்கத் தாளில் 'அ', புத்தகத்துக்குப் பின்னால் ஒரு பனை, சுற்றிவர வட்டமாக நிலையத்தின் பெயர். ஊரில் இருந்த ஒரு சித்திர ஆசிரியர் பல வருடங்களுக்கு முன் கையால் வரைந்து கொடுத்தது. அவர் இப்போது உயிரோடு இல்லை. அவர் வரைந்த தாளும் இல்லை. போரால் வந்த 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமமே தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, நிலையத்தின் அலுமாரியைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. திரும்பி வந்தபோது அலுமாரி இருந்த இடத்தில் அலுமாரி இல்லை.

2010ஐ அண்டிய காலத்தில் வெளிநாட்டில் இருந்த ஓர் உறுப்பினர் நிலையத்துக்கு ஓர் இணையத்தளம் செய்து கொடுத்தார். அதற்காக இலச்சினையை நிறத்தில் வரைந்து போட்டிருந்தார். சில வருடங்களில் தளத்துக்குக் காசு கட்டுவது யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் தளம் நின்றுபோனது. அவருடைய பழைய கணினியும் போய்விட்டது. இணைய ஆவணக் காப்பகத்தில் தேடினோம். பக்கங்களின் எழுத்து இருந்தது, படங்கள் இருந்த இடமெல்லாம் வெறும் சதுரங்கள். மிஞ்சியது செயலாளரிடம் இருந்த ஒரு பென் ட்ரைவ் மட்டும். அதில் தளத்தின் பக்கங்கள் இருந்தன, படங்களுக்கான உறை (ஃபோல்டர்) வெறுமையாக இருந்தது. ஆனால் உறைக்கு வெளியே, தளத்தின் அடிவேரில், ஃபாவிகன் கோப்பு ஒன்று தனியாகக் கிடந்தது. உலாவியின் தாவலில் தளத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம் தெரியுமே, அதற்கான ஐகன் கோப்பு அது. 1999இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5தான் இந்தப் பெயருள்ள கோப்பைத் தளத்தின் அடிவேரில் தேடும் வழக்கத்தைத் தொடங்கியது. அந்த வழக்கத்தால்தான் அது மற்றப் படங்களோடு ஒரே உறைக்குள் போகாமல் வெளியே இருந்து தப்பியது.

முதல் இரண்டு நாட்கள்

விழாவுக்கு 19 நாள் இருந்தது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த ஒரு பிள்ளை வடிவமைப்பு வேலையைப் பொறுப்பெடுத்தாள். நல்ல கைத்திறன் உள்ளவள். பிறகு அவளோடு இருந்து ஒவ்வொரு படியாகக் கேட்டு எழுதிக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் கோப்பின் பெயர்க் கடைசியில் அதன் வகையைச் சொல்லும் 'ஐசிஓ' (ஐகன்) என்ற வாலை அழித்துவிட்டு, படவகை ஒன்றின் வாலான 'பிஎன்ஜி' என்று மாற்றினாள். அவளுடைய கணினியில் அது படமாகத் திறந்தது. வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டாள். பெயர் மாறினால் உள்ளே ஒன்றும் மாறாது. பல படம் பார்க்கும் மென்பொருள்கள் பெயரைக் கணக்கெடுக்காமல் கோப்பின் முதல் பைட்டுகளைப் பார்த்து அது என்ன வகை என்று தீர்மானிக்கின்றன, அதனால் திறந்தது. அச்சகத்தின் மென்பொருள் திறக்க மறுத்தது. அச்சகத்தார் "கோப்பு பழுது, வேறை அனுப்புங்கோ" என்று சொல்லிவிட்டார்கள். கோப்பு பழுதில்லை, பெயர்தான் பொய்.

இரண்டாவதாக, ஐகனைப் பிஎன்ஜியாக மாற்றித் தரும் இணையத்தளம் ஒன்றைத் தேடிப் போனாள். கோப்பை ஏற்றிய பிறகு பக்கத்தில் பச்சை நிறத்தில் பெரிதாக 'பதிவிறக்கு' என்று மூன்று பொத்தான்கள் இருந்தனவாம். அவற்றில் ஒன்றுதான் உண்மையானது, மற்ற இரண்டும் விளம்பரம். அவள் அமத்தியது விளம்பரத்தை. படம்போலப் பெயர் தெரிந்த ஒரு கோப்பு இறங்கியது. திறப்பதற்கு முன் அதன் அளவைப் பார்த்தாள்: 4 மெகாபைட். ஏற்றிய ஐகன் 39 கிலோபைட். சின்னப் படம் ஒன்று மாற்றும்போது நூறு மடங்கு பெருக்குமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. திறக்காமல் அழித்துவிட்டாள். விண்டோஸ் தெரிந்த கோப்பு வகைகளின் வாலைத் தானாகவே மறைத்து வைக்கும். பெயரின் கடைசியில் இருப்பது படத்தின் வாலா, இயங்கும் நிரலின் வாலா என்று பார்த்தவுடன் தெரியாது. அளவைப் பார்த்தது அவளுடைய கெட்டித்தனம். இந்த நிகழ்வில் முதலில் சரியாக எடுக்கப்பட்ட முடிவு அதுதான்.

மூன்றாவதாக, இன்னொரு தளத்தில் போட்டாள். இந்த முறை உண்மையான பிஎன்ஜி வந்தது, ஒழுங்காகத் திறந்தது. அதைப் பதாகையின் இடது மூலையில் வைத்து, இரண்டடி உயரத்துக்கு இழுத்து, வட்ஸ்அப்பில் செயலாளருக்கு அனுப்பினாள். செயலாளர் போனில் பார்த்தார், தலைவர் போனில் பார்த்தார், இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. போன் திரையில் பத்தடிப் பதாகை ஆறேழு சென்ரிமீற்றர் அகலத்துக்குச் சுருங்கிவிடும். அதில் இலச்சினை ஒரு நகத்தின் அளவுதான் இருக்கும். அந்த அளவில் எந்தப் படமும் வடிவாகத்தான் தெரியும். சரி என்று சொல்லிப் பதாகையை அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பதாகை கட்டிப் பார்த்த பின்னேரம்

விழாவுக்குப் 15 நாள் இருந்தபோது பதாகை வந்தது. வாசலில் இரண்டு கம்பத்துக்கு நடுவே பிடித்துப் பார்த்தோம். எழுத்தெல்லாம் தெளிவாக இருந்தது. இலச்சினை இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் பச்சையும் மண்ணிறமும் ஒன்றோடு ஒன்று கரைந்த ஒரு வட்டம். பனையின் வட்டு பாசி பிடித்த கல்லைப்போல இருந்தது. புத்தகம் ஒரு வெள்ளைக் கறை. 'அ' இருந்த இடத்தில் சாம்பல் நிறமாக ஒரு பொட்டு.

நிலையத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், நாங்கள் எல்லோரும் மாஸ்ரர் என்றுதான் கூப்பிடுவோம், கிட்டப் போய்க் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டுப் பார்த்தார். "எங்கடை பனை எங்கை?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பிள்ளை அழுதுவிட்டாள். அவளில் பிழை பிடிக்க யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, ஆனால் அங்கே நின்ற எல்லோருக்கும் அது பட்டது.

அதே நாளில் சான்றிதழின் மாதிரிப் பிரதியும் வந்தது. அதில் வேறு சிக்கல். இலச்சினையைச் சுற்றி ஒரு கறுப்புச் சதுரம். அச்சகம் ஜேபெக் என்ற படவகையில் கேட்டதால் அந்தப் பிள்ளை அதே தளத்தில் ஜேபெக்காகவும் மாற்றி அனுப்பியிருந்தாள்.

கோப்பைத் திறந்து பார்த்தபோது

அன்றிரவு அவளும் அவளுடைய தாயாரும் பென் ட்ரைவோடு என் வேலையிடத்துக்கு வந்தார்கள். நான் முதலில் கேட்டது இரண்டு எண்களை. மூலக் கோப்பு எவ்வளவு? 39 கிலோபைட். மாற்றி வந்த பிஎன்ஜி எவ்வளவு? 1 கிலோபைட்டுக்கும் குறைவு. படத்தின் அளவு 16×16 பிக்சல். "பிள்ளை, 39இலை ஒண்டைத்தான் எடுத்திருக்கிறம். மிச்சம் 38உம் எங்கை?" என்று கேட்டேன். அங்கேதான் வழி திறந்தது.

ஐகன் கோப்பு என்பது ஒரு படம் இல்லை, படங்களின் ஒரு கட்டு. விண்டோஸின் முதல் பதிப்பு 1985இல் வந்த காலத்திலிருந்தே இந்த வகைக் கோப்பு இருக்கிறது. ஒரே சின்னம் பட்டியலில் சிறிதாகவும், முகத்திரையில் நடுத்தரமாகவும், பெரிய காட்சியில் பெரிதாகவும் தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வோர் அளவுக்கும் தனிப் படம் வைத்துக் கட்டிவிடுவார்கள். கோப்பின் தொடக்கத்தில் 6 பைட் தலைப்பு. அதில் உள்ளே எத்தனை படம் என்ற எண்ணிக்கை இருக்கும். அப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் 16 பைட்டில் ஒரு குறிப்பு: அகலம், உயரம், நிறத்தின் ஆழம், எத்தனை பைட், கோப்பில் எந்த இடத்தில் தொடங்குகிறது. புத்தகத்தின் உள்ளடக்கப் பக்கம் மாதிரித்தான்.

எங்கள் கோப்பில் அந்த எண்ணிக்கை 4 என்றிருந்தது. ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் திறந்தேன். இணையத்தில் எதையும் ஏற்றத் தேவையில்லை, இலவச மென்பொருள். ஐகனுக்குள் இருக்கும் ஒவ்வொரு படத்தையும் அது ஒரு தனி அடுக்காகக் காட்டும். வலப்பக்கத்தில் நான்கு அடுக்குகள் வரிசையாக வந்தன: 16, 32, 48, கடைசியில் 256. 256ஐத் தவிர மற்ற அடுக்குகளை அவற்றின் கண் அடையாளத்தை அமத்தி மறைத்தேன். திரையில் புத்தகம் வந்தது. தாளில் 'அ' அதன் சுழியோடு தெரிந்தது. பனையின் ஓலைகளை எண்ண முடிந்தது, ஏழு. பிள்ளை கதிரையை இழுத்துக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்துவிட்டாள்.

அவள் போன தளம் கட்டில் முதலாவதாக இருந்த படத்தை மட்டும் எடுத்துத் தந்திருக்கிறது. அது 16×16. கணக்குப் பார்த்தால் அந்தப் படம் மூலக் கோப்பில் 1,128 பைட்தான்: நிறத்துக்கு 1,024, எந்த இடம் ஒளிபுகும் என்று குறிக்கும் மறைப்புக்கு 64, தலைப்புக்கு 40. கோப்பின் பெரும்பகுதியைப் பிடித்திருந்தது 256 அளவுப் படம். விண்டோஸின் விஸ்ரா பதிப்பிலிருந்து இந்தப் பெரிய அளவை ஐகனுக்குள் ஒரு முழுப் பிஎன்ஜியாகவே வைக்கும் வழக்கம் வந்தது. அகலத்துக்கு ஒதுக்கியது ஒரேயொரு பைட். ஒரு பைட்டில் 255க்கு மேல் எழுத முடியாது. அதனால் 256ஐ 0 என்று எழுதுவார்கள். எங்கள் கோப்பிலும் நான்காவது குறிப்பில் அகலம் 0, உயரம் 0 என்றுதான் இருந்தது. அதைத் தெரியாதவர் அந்தக் குறிப்பைப் பார்த்தால் வெறுமை என்றே நினைப்பார். எங்களுக்கு வேண்டிய படம் அந்த 0க்குள்தான் இருந்தது.

பைட் காட்டும் மென்பொருளிலும் அவளுக்குக் காட்டினேன். கோப்பின் நடுவில் ஓர் இடத்தில் 'பிஎன்ஜி' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வெளிப்படையாகத் தெரிந்தன. பிஎன்ஜி கோப்பு ஒவ்வொன்றும் தன் இரண்டாம், மூன்றாம், நான்காம் பைட்டுகளில் தன் பெயரைச் சுமந்துகொண்டு தொடங்கும். "மாத்தவே தேவையில்லை அண்ணா, உள்ளுக்கு ஏற்கெனவே பிஎன்ஜியாத்தான் இருந்திருக்குது" என்றாள். சரியாகச் சொன்னாள்.

கறுப்புச் சதுரத்துக்கான காரணத்தை விளக்க அதிக நேரம் எடுக்கவில்லை. ஐகனில் வட்டத்துக்கு வெளியே உள்ள பகுதி ஒளிபுகும் பகுதி. பிஎன்ஜிக்கு ஒளிபுகும் தன்மை உண்டு, ஜேபெக்குக்கு இல்லை. ஜேபெக்காக மாற்றும்போது அந்த இடத்தை ஏதாவது நிறத்தால் நிரப்ப வேண்டும். ஒளிபுகும் பிக்சல்களின் அடியில் பெரும்பாலும் நிற எண் 0 ஆக இருக்கும். 0 என்றால் கறுப்பு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு இலகுவானது. சான்றிதழில் இலச்சினை 2 சென்ரிமீற்றர். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும், அதாவது ஒரு சென்ரிமீற்றருக்கு 118. 256 பிக்சலை அப்படி அச்சிட்டால் 2.1 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். சான்றிதழுக்கும் மலரின் உள்பக்கங்களுக்கும் அது போதும். 256 அடுக்கை ஒளிபுகும் பிஎன்ஜியாகத் தனியே சேமித்து, சான்றிதழில் வைத்து, அச்சகத்துக்குக் கொடுத்தோம்.

பதாகைக்கு அது போதாது. இரண்டடி என்பது 24 அங்குலம். 16 பிக்சல் படத்தை அந்த உயரத்துக்கு இழுத்தபோது ஒரு பிக்சல் ஒன்றரை அங்குலம் ஆகியிருக்கிறது. அதாவது ஒரு தீப்பெட்டியின் அகலம். 'அ' முழுவதும் அப்படி இரண்டு, மூன்று கட்டத்துக்குள் அடங்கியிருந்தது. 256ஐ இழுத்தாலும் அங்குலத்துக்குப் பத்துப் பிக்சல்தான் வரும். பதாகையைத் தூர நின்று பார்ப்பார்கள் என்பதால் 72 இருந்தாலே போதும், ஆனால் அதற்கும் 1,700க்கு மேல் வேண்டும்.

நிர்வாகக் குழுவில் ஒரு தம்பி, செயற்கை நுண்ணறிவால் படத்தைப் பெரிதாக்கும் சேவை ஒன்றில் போட்டுப் பார்ப்போம் என்றார். போட்டுப் பார்த்தோம். முதல் பார்வைக்கு வியப்பாக இருந்தது, ஓரமெல்லாம் கூர்மை. பிறகு கிட்டப் பார்த்தோம். ஓலைகள் மயிற்பீலி மாதிரி ஆகியிருந்தன. 'அ'வின் சுழி மூடிக்கொண்டு எந்த மொழியிலும் இல்லாத ஒரு வடிவம் வந்திருந்தது. வட்டத்தில் எழுதியிருந்த பெயரில் 'நிலையம்' என்பதன் கடைசிப் புள்ளி போய், 'ம' ஓர் உடைந்த கட்டமாக நின்றது. அந்தப் புள்ளி 256 படத்திலேயே ஒரு மங்கல் பிக்சலாகத்தான் இருந்தது, அந்தச் சேவை அதை அழுக்கென்று துடைத்துவிட்டது. தமிழ் எழுத்தில் புள்ளி போனால் சொல்லே போய்விடும். வாசிகசாலை ஒன்றின் வாசலில் எழுத்துப்பிழையோடு பெயரைத் தொங்கவிட எனக்கு மனம் இடம் தரவில்லை. இல்லாத விவரத்தை ஊகித்து நிரப்பும் எதையும் இந்த வேலைக்கு எடுப்பதில்லை என்று குழு முடிவெடுத்தது. ஓர் ஆசிரியர் கையால் வரைந்து தந்ததை நாங்கள் கூட்டவோ குறைக்கவோ உரிமை இல்லை என்று மாஸ்ரர் சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டோம்.

அப்படியானால் திசையன் படமாகக் கையால் திரும்ப வரைய வேண்டும். எஸ்விஜி வகைக் கோப்பு கோடுகளைக் கணக்காக வைத்திருக்கும், எந்த அளவுக்கும் இழுக்கலாம். திசையன் படம் வரையும் இங்க்ஸ்கேப் மென்பொருளில் 256 படத்தை அடியில் வைத்து அதன் மேல் வரையத் தொடங்கினாள். எழுத்தில் வந்து நின்றுவிட்டாள். கணினி எழுத்துரு ஒன்றை எடுத்து வட்டத்தில் வளைத்துப் போடலாம் என்றேன். அவளுக்குப் பிடிக்கவில்லை. "அது அந்தச் சேரின்ரை கையெழுத்து இல்லையே" என்றாள்.

பழைய முத்திரை

இந்த நிகழ்வின் திருப்பம் கணினியில் நடக்கவில்லை. விழா மலருக்கு ஒரு பழைய படம் வேண்டி, முன்னாள் பொருளாளர் ஒருவரின் வீட்டுக்கு மாஸ்ரர் போயிருந்தார். அங்கே பழைய பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்றும், மரப் பிடி போட்ட ரப்பர் முத்திரை ஒன்றும் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் இருந்தன. 95இல் உடுப்புப் பையோடு கணக்குப் புத்தகத்தையும் முத்திரையையும் எடுத்துக்கொண்டு போனவர் அந்தப் பொருளாளர். நிலையத்தின் காசுக் கணக்குத் தன் கையில் இருந்ததால் அதை விட்டுவிட்டுப் போக அவருக்குத் தோன்றவில்லை. நிலையம் திரும்ப இயங்கத் தொடங்கியபோது பெயர் மட்டும் உள்ள புது முத்திரை வந்துவிட்டது, பழையதை யாரும் கேட்கவில்லை.

முத்திரையின் விட்டம் மூன்றரை சென்ரிமீற்றர். ரப்பர் ஓரத்தில் வெடித்திருந்தது. மை தடவி வழுவழுப்பான வெள்ளைத் தாளில் பத்துப் பன்னிரண்டு முறை குத்தி, அதில் நல்லதாக வந்த மூன்றை அங்குலத்துக்கு 1,200 என்ற அளவில் ஸ்கான் செய்தோம். ஒவ்வொன்றும் குறுக்காக 1,600 பிக்சலுக்கு மேல் வந்தது. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் இங்க்ஸ்கேப்பின் தானாகக் கோடெடுக்கும் வசதி நன்றாக வேலை செய்தது. வெடிப்பு விழுந்த இடத்தை மட்டும் மற்ற இரண்டு பதிவுகளையும் பார்த்துக் கையால் நிரப்பினாள்.

அப்போதுதான் ஓலைகளின் எண்ணிக்கை மாறியது. முத்திரையில் ஒன்பது. ஐகனில் ஏழு. தளத்துக்காக நிறத்தில் வரைந்தவர் குறைத்தாரா, 256 பிக்சலுக்குச் சுருக்கியபோது பக்கத்தில் பக்கத்தில் இருந்தவை ஒட்டிக்கொண்டனவா என்று பெரிதாக்கிப் பார்த்தோம். இடது கீழ்ப்பக்கத்தில் இரண்டு இடங்களில் ஓலை தடிப்பாக இருந்தது. ஒட்டியிருக்கின்றன என்று தெரிந்தது. கோடு முத்திரையிலிருந்து, நிறம் ஐகனிலிருந்து என்று முடிவாயிற்று.

இடையில் வந்த பதிவேடு

ஒரு சின்ன விஷயம், ஆனால் எனக்கு இது இலச்சினையைவிடக் கவலை தந்தது. அந்த வாரமே செயலாளர் உறுப்பினர் பதிவேட்டின் ஸ்கான் பிரதியை அதே மாற்றித் தரும் தளத்தில் ஏற்றி எழுத்துக் கோப்பாக எடுக்கப் போனார். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், போன் இலக்கம் எல்லாம் அதில் இருந்தன. நல்லகாலம், என்னிடம் ஒருதரம் கேட்டார்.

இலச்சினை எல்லோரும் பார்ப்பதற்காக இருப்பது. அதை எந்தத் தளத்தில் ஏற்றினாலும் யாருக்கும் இழப்பில்லை. பதிவேடு அப்படி இல்லை. ஏற்றிய கோப்பு யாருடைய கணினிக்குப் போகிறது, எப்போது அழிகிறது என்பதை நாங்கள் பார்க்க முடியாது. சில மணித்தியாலத்தில் அழிப்போம் என்று பக்கத்தில் எழுதியிருப்பது அவர்களின் வாக்கு மட்டுமே. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஊர்ச் சனம் நம்பிக் கொடுத்த விவரம் அது. பதிவேட்டை இரண்டு பேர் மாறி மாறி இருந்து கையால் தட்டச்சு செய்தார்கள். மூன்று பின்னேரம் எடுத்தது.

விளைவு

இரண்டாவது பதாகை விழாவுக்கு ஐந்து நாள் முன்னதாக வந்தது. அச்சகத்துக்கு அனுப்பும்போது பதாகையில் இருந்த எழுத்தையெல்லாம் கோட்டு வடிவமாக மாற்றி அனுப்பினோம். எங்கள் பக்கத்து அச்சகங்களில் யுனிகோட் அல்லாத பழைய முறையிலான பாமினி எழுத்துருவில் வேலை செய்து பழகியவர்கள் அதிகம். யுனிகோட் எழுத்து அங்கே போய்க் கொம்பும் அரவும் இடம் மாறி நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கோடாக மாற்றினால் அந்தப் பயம் இல்லை. அனுப்புமுன், பதாகையின் இலச்சினைப் பகுதியை மட்டும் வெட்டி, அச்சாகும் அதே அளவில் ஏ4 தாள்களில் துண்டு துண்டாக எடுத்து நிலத்தில் பொருத்திப் பார்த்தோம். இரண்டடி இலச்சினைக்கு ஒன்பது தாள் வேண்டியிருந்தது. மாஸ்ரர் சாரத்தை மடித்துக்கொண்டு குந்தியிருந்து ஓலைகளை விரலால் எண்ணிவிட்டுத்தான் அனுப்பச் சொன்னார்.

முதல் பதாகைக்கான காசு வீண்தான். அது இப்போது நிலையத்தின் பின்பக்கக் கொட்டிலில் விறகை மூடிக் கிடக்கிறது. சான்றிதழுக்கு மேலதிகச் செலவு வரவில்லை, மாதிரிப் பிரதியிலேயே பிழை பிடிபட்டதால். பதாகைக்கு அப்படி ஒரு மாதிரி கேட்கவில்லை என்பது எங்கள் எல்லோருடைய பிழை. போனில் பார்த்துச் சரி சொன்னவர்களுக்கும் அதில் பங்கு உண்டு, அந்தப் பிள்ளைக்கு மட்டும் இல்லை. இதை நிர்வாகக் குழுக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன், தலைவரும் ஒத்துக்கொண்டார்.

இனி மாற்றிச் செய்வது

ஐகன் கோப்பு கையில் வந்தால் மாற்றுவதற்கு முன் உள்ளே எத்தனை படம் என்று பார்ப்பது முதல் வேலை. ஜிம்ப் போதும். கட்டளை வரியில் பழகியவர்களுக்கு இமேஜ்மேஜிக் என்ற மென்பொருள் இன்னும் இலகு. ஐகனைப் பிஎன்ஜியாக்கச் சொன்னால் உள்ளே உள்ள எல்லாவற்றையும் 0, 1, 2, 3 என்று எண்ணிட்டுத் தனித்தனிக் கோப்பாக எழுதிவிடும். இணையத்தளத்தில்தான் மாற்ற வேண்டும் என்ற நிலை வந்தால், வந்த படத்தின் பிக்சல் அளவையும் கோப்பின் அளவையும் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். மூலம் 39 கிலோபைட்டாக இருந்து வந்தது 1ஆக இருந்தால் ஏதோ உள்ளே தங்கிவிட்டது. வந்தது 4 மெகாபைட்டாக இருந்தால் அது படமே இல்லாமல் இருக்கலாம். விண்டோஸில் கோப்புகளின் வாலைக் காட்டும் தெரிவை நிலையத்தின் கணினியில் போட்டுவிட்டோம்.

மூலக் கோப்பை அழிப்பதில்லை என்பதையும் எழுதி ஒட்டியிருக்கிறோம். இந்தப் பிள்ளை பெயரை மாற்றியது ஒரு பிரதியில் என்பதால் தப்பினோம். மாற்றி வந்ததுதான் இனிக் கோப்பு என்று மூலத்தை அழித்திருந்தால் 16 பிக்சல் மட்டும் மிஞ்சியிருக்கும்.

அதைவிட எனக்கு உறைப்பது வேறு. இலச்சினை வேண்டும் என்றவுடன் எல்லோரும் பென் ட்ரைவைத்தான் தேடினோம். பழைய கடிதத்தாள், பற்றுச்சீட்டு, முத்திரை, வெற்றிக்கேடயத்தின் செதுக்கல், இப்படி ஏதாவது ஊருக்குள் இருக்கிறதா என்று முதல் நாளே நாலு வீட்டில் கேட்டிருந்தால் முதல் பதாகையே சரியாக வந்திருக்கும். அடுத்தமுறை யாராவது என்னிடம் ஐகன் கோப்போடு வந்தால் கோப்பைத் திறந்துகொண்டே இதையும் கேட்பேன்.

இப்போது நிலையத்தில் ஓர் உறை இருக்கிறது: எஸ்விஜி மூலம், 2,048 பிக்சல் பிஎன்ஜி, 256 பிக்சல் பிஎன்ஜி, பழைய ஐகன் கோப்பு தொட்டும் பார்க்காமல் அப்படியே, முத்திரைப் பதிவின் மூன்று ஸ்கான்கள். ஒரு பிரதி செயலாளரிடம், ஒன்று அந்தப் பிள்ளையிடம், ஒன்று வெளிநாட்டில் உள்ள அந்த உறுப்பினரிடம். முத்திரை பிஸ்கட் ரின்னோடு அலுமாரிக்குத் திரும்பிவிட்டது.

ஒரு விஷயம் தீராமல் நிற்கிறது. முத்திரையில் நிறம் இல்லை. ஐகனில் உள்ள பச்சை, தளம் செய்தவர் தேர்ந்தது. ஆசிரியர் வரைந்த பச்சை இன்னும் இருண்டது, காவோலை விழுந்த பிறகு வட்டில் நிற்கும் ஓலையின் நிறம் என்று மாஸ்ரர் சொல்கிறார். இன்னொரு பெரியவருக்கு அது இளம் பச்சையாக ஞாபகம். விழாவுக்கு ஐகனின் பச்சையையே வைத்தோம். அதன் எண்களைச் சிவப்பு 24, பச்சை 106, நீலம் 59 என்று கூட்டக் குறிப்பில் எழுதி, பக்கத்தில் 'மூலத் தாள் கிடைத்தால் மீள ஆராயப்படும்' என்று செயலாளர் ஒப்பமிட்டிருக்கிறார்.